வீட்டில் இரண்டு ரூட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை வீடுகளில் இரண்டாவது ரூட்டர் வந்து சேரும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். இணைப்பு கொடுக்க வந்தவர் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் ஃபைபர் பெட்டியை மாட்டிவிட்டுப் போவார். பின்பக்கத்து அறையில் சிக்னல் நிற்காது. பழைய இணைப்போடு வந்த ரூட்டர் ஒன்று பரணில் கிடக்கும், இல்லையென்றால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒன்று வாங்கி வருவோம். ஒரு கேபிளைச் செருகினால் அன்றைக்கு வேலை செய்யும். அப்புறம் ஒருநாள் பிரின்டர் காணாமல் போகும், மாடியில் மட்டும் நெட் நிற்கும், ஆபீஸ் மீட்டிங் நடுவில் அறுந்து போகும்.

நாங்கள் இருப்பது நங்கநல்லூரில். கீழே அம்மா, மாடியில் அக்கா குடும்பமும் நானும். ஒரே இணைப்பு, மூன்று ரூட்டர்கள். இங்கே உள்ள கேள்விகள் வீட்டிலும் தெருவிலும் உறவுக்காரர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை. பதில்களில் அடிக்கடி ஒரே விஷயம் தலைகாட்டும்: வீட்டில் எத்தனை ரூட்டர் வேண்டுமானாலும் இருக்கட்டும், கருவிகளுக்கு முகவரி (வலையில் ஒவ்வொன்றையும் அடையாளம் காட்டும் எண்) கொடுக்கிற வேலையை ஒன்றே ஒன்றுதான் செய்ய வேண்டும்.

நெட் வரவில்லை. இரண்டு ரூட்டர் இருக்கிறது. எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

கம்பெனி கேபிள் வீட்டுக்குள் நுழைகிற இடத்திலிருந்து. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் நாம் குழாயைத் தட்டிக்கொண்டு நிற்பதில்லை. சம்ப்பில் தண்ணீர் இருக்கிறதா, மோட்டார் ஓடியதா, டேங்க் நிரம்பியதா என்று வரிசையாகப் பார்க்கிறோம். நெட்டுக்கும் அதே வரிசைதான்.

முதலில் ஃபைபர் பெட்டியின் விளக்குகள். இந்தப் பெட்டியைத்தான் முதல் ரூட்டர் என்கிறேன். எல்-ஓ-எஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி சிக்னல் வீட்டுக்கே வரவில்லை. உங்கள் ரூட்டர்களைத் தொடவே வேண்டாம். பி-ஓ-என் விளக்கு நிலையாகப் பச்சையாக இருந்தால் ஃபைபர் வரை சரி. அது சிமிட்டிக்கொண்டே இருந்தால் பெட்டி கம்பெனியின் எதிர்முனையோடு பேச முயன்றுகொண்டே இருக்கிறது, இன்னும் பேசவில்லை.

அடுத்தது, இரண்டாவது ரூட்டருக்குப் போகிற கேபிளைக் கழற்றுங்கள். ஒரு லேப்டாப்பை நேராக முதல் பெட்டியின் லேன் போர்ட்டில் (வீட்டுக் கருவிகளுக்கான கேபிள் ஓட்டை) கேபிள் போட்டுச் சொருகுங்கள், லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிடுங்கள். நெட் வந்தால் கம்பெனி பக்கம் கோளாறு இல்லை, உங்கள் வீட்டுக்குள்தான் தேட வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ஆளாளுக்குப் பெட்டிகளை அணைத்துப் போட்டு ஒரு சாயங்காலமே போய்விடுகிறது.

இதற்குப் பிறகு பிங் கட்டளை, அதாவது ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று கேட்டுப் பார்ப்பது. மூன்று முறை, மூன்று இடத்துக்கு. முதல் ரூட்டரின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1), அப்புறம் 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்கு, கடைசியாக ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்கு. முதல் படியிலேயே பதில் இல்லை என்றால் கேபிளிலோ வைஃபையிலோ கோளாறு. ரூட்டர் பதில் சொல்லி 8.8.8.8 சொல்லவில்லை என்றால் ரூட்டருக்கு வெளியே சிக்கல். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு மட்டும் வரவில்லை என்றால் டிஎன்எஸ், அதாவது பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவை. டிஎன்எஸ்ஸை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றிப் பாருங்கள்.

இரண்டாவது ரூட்டரில் கேபிளை எந்த ஓட்டையில் சொருக வேண்டும்?

இதுதான் எல்லாவற்றுக்கும் அடி. ரூட்டரின் பின்னால் தனி நிறத்தில் ஒரு போர்ட் இருக்கும், 'வேன்' என்றோ 'இன்டர்நெட்' என்றோ எழுதியிருக்கும். மற்றவை லேன் போர்ட்டுகள். கேபிளை வேன் போர்ட்டில் சொருகினால், அந்த ரூட்டர் தனக்குப் பின்னால் தனியாக ஒரு வலையை உண்டாக்கி, அதற்குத் தன் கையால் முகவரிகளைக் கொடுக்கும். ஒரே வீட்டுக்குள் இரண்டு வலை ஆகிவிடும். பல கருவிகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கிற வேலைக்கு நேட் என்று பெயர். அதை இரண்டு ரூட்டரும் செய்வதைத்தான் டபுள் நேட் என்கிறார்கள். யூடியூப் பார்க்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. பிரின்டர், ஆன்லைன் விளையாட்டு, கேமரா, சில ஆபீஸ் விபிஎன் (வீட்டிலிருந்து ஆபீஸ் வலைக்குள் போகும் பாதுகாப்பான பாதை) இவற்றில்தான் அடி விழும்.

நல்ல வழி, இரண்டாவதை ஆக்சஸ் பாயின்ட் ஆக்குவது. அப்போது அது தனி வலை உண்டாக்காமல், முதல் ரூட்டரின் வலையையே வைஃபையில் பரப்பும். புதிய ரூட்டர்கள் பலவற்றில் 'ஆக்சஸ் பாயின்ட் மோடு' என்றே ஒரு அமைப்பு இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

பழைய ரூட்டரில் அந்த வசதி இல்லையென்றால் கையாலேயே செய்யலாம். வரிசை முக்கியம், மாற்றிச் செய்தால் பாதியில் மாட்டிக்கொள்வீர்கள். முதல் ரூட்டரோடு இணைக்காமல், லேப்டாப்பை இரண்டாவது ரூட்டரில் மட்டும் சொருகி அதன் அமைப்புப் பக்கத்துக்குப் போங்கள். வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் வையுங்கள். அப்புறம் அதன் லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள் (முதல் ரூட்டர் 192.168.1.1 ஆக இருந்தால்). சேமித்ததும் இணைப்பு அறும், புதிய முகவரியில் மறுபடி உள்ளே போங்கள். கடைசியாக டிஹெச்சிபி என்பதை அணையுங்கள். முகவரி கொடுக்கிற வேலை அதுதான். இப்போது முதல் ரூட்டரின் லேன் போர்ட்டிலிருந்து வரும் கேபிளை இரண்டாவதின் லேன் போர்ட்டில் சொருகுங்கள். வேன் போர்ட் காலியாகவே இருக்கட்டும். யாரும் தெரியாமல் சொருகிவிடாமல் இருக்க நான் அதன்மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுவேன்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். முதல் ரூட்டர் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை முகவரி கொடுக்கிறது என்று பார்த்து, 192.168.1.2 அந்த வரம்புக்குள் வராதபடி வையுங்கள். 192.168.1.50 முதல் 200 வரை என்று வைத்துவிட்டால் கீழே உள்ள எண்களை ரூட்டர்களுக்கும் பிரின்டருக்கும் நிம்மதியாக ஒதுக்கலாம்.

இரண்டாவது ரூட்டரை மாட்டினேன், வீடு முழுக்க நெட் போய்விட்டது. ஏன்?

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, இரண்டு ரூட்டருக்கும் ஒரே முகவரி. பல கம்பெனிப் பெட்டிகள் 192.168.1.1 என்ற முகவரியோடுதான் வருகின்றன. கடையில் வாங்கியதும் அதே எண்ணாக இருந்தால், யார் வாசல் என்று உங்கள் போனுக்குத் தெரியாது.

இரண்டாவது, இரண்டு ரூட்டரும் டிஹெச்சிபி ஓட்டுவது. நம் ஊர்த் தெருக்களில் பழைய எண், புதிய எண் என்று ஒரே வீட்டுக்கு இரண்டு கதவு எண் இருக்கும். பழைய 12 ஒரு வீடு, புதிய 12 நாலு வீடு தள்ளி. கூரியர்காரர் தெருமுனையிலிருந்து போன் பண்ணுவார். இரண்டு ரூட்டர் முகவரி கொடுத்தால் வீட்டு வலையிலும் அதுதான் நடக்கிறது. சில கருவிகளுக்கு நெட் வரும், சிலவற்றுக்கு வராது, அணைத்துப் போட்டால் வராதது வந்து, வந்தது நின்றுவிடும். இப்படி மாறி மாறி வந்தால் முதல் சந்தேகம் இதன்மேல் இருக்கட்டும்.

மூன்றாவது, கேபிள் வளையம். போன வருஷம் எங்கள் வீட்டிலேயே நடந்தது. மாடி ரூட்டருக்குப் பின்னால் கேபிள் முனை ஒன்று சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அது ஏற்கெனவே மறுமுனையில் கீழ் ரூட்டரோடு இணைந்திருந்த கூடுதல் கேபிள், பின்னாளில் தேவைப்படும் என்று நானே இழுத்து வைத்தது. அக்கா பையன் கழன்று விழுந்துவிட்டது என்று நினைத்து நல்ல எண்ணத்தோடு காலி போர்ட்டில் சொருகிவிட்டான். இரண்டு ரூட்டருக்கு நடுவே இரண்டு பாதை. ஒரு பாதையில் போன செய்தி மறுபாதையில் திரும்பி வந்து, பெருகி, நிற்காமல் சுற்றியது. எல்லா லேன் விளக்கும் ஒரே தாளத்தில் வெறி பிடித்தது போல் சிமிட்டின. கீழே அம்மாவின் டிவி, மேலே எங்கள் லேப்டாப், எதுவும் இல்லை. பெரிய ஆபீஸ் ஸ்விட்சுகள் இதைக் கண்டுபிடித்துத் தாமாகவே ஒரு பாதையை மூடும். சாதாரண வீட்டு ரூட்டர்கள் பெரும்பாலும் மூடாது. விளக்குகள் அப்படி ஒன்றுபோல் வேகமாகச் சிமிட்டினால் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது அமைதியாகிறதோ அதுதான் வளையம். இப்போது அந்தக் கூடுதல் கேபிளின் இரு முனையிலும் 'சொருகாதே' என்று எழுதிய சீட்டு தொங்குகிறது.

வைஃபை முழுப் புள்ளி காட்டுகிறது, ஆனால் 'இன்டர்நெட் இல்லை' என்கிறதே?

வைஃபை புள்ளிகள் உங்கள் போனுக்கும் அருகில் உள்ள ரூட்டருக்கும் நடுவே உள்ள சிக்னல் பலத்தைத்தான் சொல்கின்றன. அந்த ரூட்டருக்குப் பின்னால் கேபிள் கழன்று கிடந்தாலும் முழுப் புள்ளி காட்டும். போனின் வைஃபை விவரத்தில் ஐ.பி. முகவரியைப் பாருங்கள். விண்டோஸ் கம்ப்யூட்டர் என்றால் ஐபிகான்ஃபிக் கட்டளை காட்டும். 169.254 என்று தொடங்கினால் யாரும் முகவரி கொடுக்கவில்லை, கம்ப்யூட்டர் தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. டிஹெச்சிபி அணைத்த இரண்டாவது ரூட்டர் முதலாவதோடு தொடர்பு இழந்தால் இப்படித்தான் ஆகும். நடுவில் உள்ள கேபிளைப் பாருங்கள்.

கீழே இருக்கும் பிரின்டர் மாடி வைஃபையிலிருந்து தெரியவில்லை. டிவியிலும் படம் அனுப்ப முடியவில்லை.

இரண்டு கருவியின் முகவரியையும் ஒப்பிடுங்கள். ஒன்று 192.168.1 என்றும் மற்றொன்று 192.168.0 என்றும் தொடங்கினால் அவை வெவ்வேறு வலையில் இருக்கின்றன. பிரின்டரும் டிவியும் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று தம் வலைக்குள் மட்டும் குரல் கொடுக்கும். அந்தக் குரல் ரூட்டரைத் தாண்டாது. மேலே சொன்னபடி ஆக்சஸ் பாயின்ட் ஆக்கினால் இது ஒரேயடியாகத் தீரும்.

முகவரி ஒரே வரிசையில் இருந்தும் தெரியவில்லையா? கெஸ்ட் வைஃபையில் சேர்ந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். கெஸ்ட் வலை வேண்டுமென்றே வீட்டுக் கருவிகளை மறைக்கும்.

வாசல் கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க போர்ட் ஃபார்வர்டிங் செய்தேன். வேலை செய்யவில்லை.

போர்ட் ஃபார்வர்டிங் என்பது வெளியிலிருந்து வருகிற கோரிக்கையை வீட்டுக்குள் எந்தக் கருவிக்கு அனுப்ப வேண்டும் என்று ரூட்டரிடம் சொல்லிவைப்பது. முதலில் டபுள் நேட் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வெளியிலிருந்து வருகிற கோரிக்கை முதல் ரூட்டரோடு நின்றுவிடும். அபார்ட்மென்ட் கேட்டில் இருக்கிற செக்யூரிட்டியிடம் மட்டும் சொல்லிவைத்தால் போதாது, பிளாக் வாசலில் இன்னொருவர் இருந்தால் அவரிடமும் சொல்ல வேண்டும்.

அதைச் சரிசெய்தும் வரவில்லை என்றால், முதல் ரூட்டரின் நிலைப் பக்கத்தில் வேன் முகவரியைப் பாருங்கள். பிறகு 'என் ஐ.பி. என்ன' என்று கூகுளில் தேடி வருகிற எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால், குறிப்பாக வேன் முகவரி 100.64 முதல் 100.127 வரையுள்ள வரிசையில் இருந்தால், கம்பெனியே தன் பக்கத்தில் பல வீடுகளை ஒரு பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. ஐ.பி.வி.4 முகவரிகள் (நான்கு எண்களாக எழுதும் பழைய வகை) தீர்ந்துபோனதால் வந்த ஏற்பாடு இது. அந்த வரிசையை 2012-இல் இதற்கென்றே ஒதுக்கினார்கள். இந்த நிலையில் வீட்டுக்குள் நீங்கள் எதை மாற்றினாலும் பயன் இல்லை. நிலையான பொது முகவரியைத் தனிக் கட்டணத்துக்குத் தருகிறார்களா என்று கேட்கலாம். அல்லது கேமராக் கம்பெனியின் செயலி வழியாகப் பார்க்கலாம். அதில் கேமராவே வெளியே போய்த் தொடர்பு கொள்வதால் எத்தனை நேட் இருந்தாலும் தடை இல்லை. வீட்டுக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். கேமராவுக்காக வீட்டுக் கதவை உலகத்துக்குத் திறந்து வைப்பது எனக்குச் சம்மதமில்லை.

கீழேயிருந்து மாடிக்குப் போனாலும் போன் கீழ் ரூட்டரையே பிடித்துக்கொண்டிருக்கிறது.

எப்போது விட வேண்டும் என்று முடிவு செய்வது போன்தான், ரூட்டர் அல்ல. இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்டு, ஒரே பாதுகாப்பு வகை வையுங்கள், சேனல் (வைஃபை ஓடும் அலைவரிசை) மட்டும் வேறாக இருக்கட்டும். அப்புறம் கீழ் ரூட்டரின் ஒலிபரப்புச் சக்தியை 'நடுத்தரம்' என்று குறைத்துப் பாருங்கள். சிக்னல் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு நல்லது என்று எல்லோரும் நினைக்கிறோம். இரண்டு ரூட்டர் இருக்கும் வீட்டில் கொஞ்சம் குறைவாகப் போவதுதான் நல்லது.

ரிப்பீட்டர் வாங்கலாமா, மெஷ் வாங்கலாமா?

ரிப்பீட்டர் வைஃபை சிக்னலை வாங்கித் திரும்பப் பரப்பும் பெட்டி; மெஷ் ஒரே வலையாகச் சேர்ந்து வேலை செய்யும் பல பெட்டிகள். கேபிள் இழுக்க வழி இருந்தால் இரண்டும் வேண்டாம், ஒரு கேபிள் போதும். கேட்-5இ கேபிள் 100 மீட்டர் வரை போகும்; எந்தத் தனி வீட்டுக்கும் அது தாராளம். ஒரே ரேடியோ உள்ள ரிப்பீட்டர் கேட்டதையே திரும்பச் சொல்ல வேண்டியிருப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். அதைச் சிக்னல் வராத அறையிலேயே வைப்பதும் ஒரு தவறு. வராத இடத்தில் அதற்கும்தான் வராது. பாதி வழியில் வையுங்கள். வாடகை வீடு, சுவரில் துளை போட ஓனர் சம்மதிக்கவில்லை என்றால் மெஷ் நல்ல தேர்வு. ஆனால் மெஷ்ஷையும் கம்பெனிப் பெட்டிக்குப் பின்னால் வேன் வழியாக மாட்டினால் அதே டபுள் நேட்தான். ஒன்று மெஷ்ஷை ஆக்சஸ் பாயின்ட் ஆக்குங்கள், அல்லது கம்பெனிப் பெட்டியைப் பிரிட்ஜ் மோடுக்கு (ரூட்டர் வேலை செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும் நிலை) மாற்றித் தரச் சொல்லுங்கள்.

200 எம்பிபிஎஸ் திட்டம். மாடியில் 94-க்கு மேல் ஏறுவதே இல்லை.

94 என்ற எண் வந்தாலே கேபிளையும் போர்ட்டையும் பாருங்கள், வைஃபை பற்றிக் கவலைப்பட வேண்டாம். 100 எம்பிபிஎஸ் போர்ட்டில் உண்மையாகக் கிடைப்பது அவ்வளவுதான். பழைய ரூட்டரின் போர்ட்டே 100 ஆக இருக்கலாம். கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட்டாக இருந்தும் இப்படி என்றால், கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளில் ஒன்று போயிருக்கும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும், 100-க்கு நான்கு போதும். அதனால் கம்பி அறுந்தாலும் நெட் நிற்காது, சத்தமில்லாமல் வேகம் மட்டும் குறையும். எங்கள் வீட்டில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரோரம் போன கேபிளை அணில் கடித்திருந்தது. வெளியுறையில் ஒரு அங்குலத்துக்குக் கீறல், உள்ளே பழுப்புக் கம்பி மட்டும் துண்டு. இப்போது பிவிசி குழாய்க்குள் போகிறது.

எந்த இடத்தில் வைத்தால் சிக்னல் நன்றாக வரும்?

இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைக்காதீர்கள். பெரிய கண்ணாடி, ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி இவையும் தடை. 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 சேனல்கள்தான் ஒன்றோடொன்று மோதாதவை. நெருக்கமான அபார்ட்மென்ட்டில் பக்கத்து வீட்டார் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள், ஆகவே முடிந்த கருவிகளை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். அது கான்கிரீட்டைத் தாண்டச் சிரமப்படும், அதற்குத்தானே இரண்டாவது ரூட்டர்.

கரன்ட் போய் வந்தால் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று வேலை செய்வதில்லை.

எல்லாப் பெட்டிகளுக்கும் இன்வெர்ட்டர் லைன் இருக்கிறதா பாருங்கள். ஹால் பெட்டி இன்வெர்ட்டரில், மாடி ரூட்டர் சாதாரண லைனில் என்று இருக்கும். இன்வெர்ட்டருக்கு மாறும் அந்தக் கண நேரத்திலேயே அணைந்து எழும் ரூட்டர்களும் உண்டு. ரூட்டருக்கென்றே விற்கும் சின்ன டிசி யுபிஎஸ் அதைத் தீர்க்கும். வாங்கும்முன் உங்கள் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் படியுங்கள். 9 வோல்ட் ரூட்டருக்கு 12 வோல்ட் கொடுத்தால் அது கருகிவிடலாம்.

மழைக்காலத்துக்கு இன்னொன்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இடி மின்னலின்போது மொட்டைமாடி வழியாகப் போகும் செம்புக் கேபிள் மின் அதிர்வை வாங்கி இருமுனை ரூட்டரையும் கொன்றுவிடலாம். ஃபைபரின் கண்ணாடி இழை மின்சாரம் கடத்தாது. வீட்டுக்கு வெளியே ஓட வேண்டிய பகுதியை முடிந்தால் ஃபைபராக்குங்கள், இல்லையென்றால் இடிக்கும்போது கேபிளைக் கழற்றி வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் கீழ்த்தள வீடுகளில் தண்ணீர் புகுந்ததைப் பார்த்த பிறகு அம்மா வீட்டுப் பெட்டியைத் தரையிலிருந்து ஆறடி உயரத்துக்கு ஏற்றிவிட்டேன்.

மாடிக் குடித்தனக்காரருக்கும் நம் இணைப்பையே கொடுக்கலாமா?

தனி இணைப்பு எடுத்துக்கொள்ளச் சொல்வதுதான் என் பதில். யார் பெயரில் இணைப்பு இருக்கிறதோ அவரைத்தான் ஏதாவது பிரச்சினை என்றால் முதலில் கேட்பார்கள். சில நாளைக்கு மட்டும் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் கெஸ்ட் வைஃபை கொடுங்கள். அவருக்கு இரண்டாவது ரூட்டரை வேன் வழியாக மாட்டிக் கொடுத்துவிட்டுப் பிரித்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். உள்ளே இருப்பவரால் வெளி வலையில் உள்ள உங்கள் பிரின்டரையும் கேமராவையும் தொட முடியும். உங்களால்தான் அவர் வலைக்குள் போக முடியாது. பாதுகாப்பு தலைகீழாகிவிடும்.

கஸ்டமர் கேருக்கு எப்போது போன் செய்வது?

எல்-ஓ-எஸ் சிவப்பு, அல்லது இரண்டாவது ரூட்டரைக் கழற்றிய பிறகும் நேரடிக் கேபிளில் நெட் இல்லை, இந்த இரண்டில். 'உங்கள் சொந்த ரூட்டரால்தான்' என்று சொல்லிப் புகாரை மூடிவிடுவார்கள். எனக்கு ஒரு கம்பெனி அப்படி மூன்று நாள் இழுத்தடித்தது. 'வேறு ரூட்டரைக் கழற்றிவிட்டேன், லேப்டாப்பை உங்கள் பெட்டியில் நேராகப் போட்டுப் பார்த்தேன், எல்-ஓ-எஸ் விளக்கு இப்படி இருக்கிறது' என்று முதலிலேயே சொன்னால் அந்தப் பேச்சுக்கு இடம் இருக்காது. விளக்குகளைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

ரீசெட் பொத்தானை அமுக்கலாமா?

அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் வேறு. அணைத்துப் போடுவதால் எதுவும் அழியாது. முதல் பெட்டியைப் போட்டு, விளக்குகள் நிலைத்த பிறகு மற்றவற்றைப் போடுங்கள். குண்டூசியால் அமுக்கும் அந்தச் சின்ன ஓட்டை எல்லா அமைப்பையும் துடைத்துவிடும். கம்பெனிப் பெட்டியில் அமுக்கினால் இணைப்புக்கான பெயரும் பாஸ்வேர்டும் போய், ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டி வரலாம். இரண்டாவது ரூட்டரில் அமுக்கினால் நீங்கள் அணைத்து வைத்த டிஹெச்சிபி திரும்ப உயிர் பெறும், முகவரியும் பழைய எண்ணுக்குப் போய்விடும். அதைக் கேபிளோடு அப்படியே விட்டால் வீடு முழுக்கக் குழப்பம் தொடங்கும். ஆகவே ரீசெட் செய்தே ஆக வேண்டுமென்றால் முதலில் நடுக் கேபிளைக் கழற்றுங்கள், மறுபடி அமைத்த பிறகே சொருகுங்கள்.

அம்மா வீட்டில் ஹால் பெட்டிக்குப் பக்கத்தில், தேதி கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: ஹால் 192.168.1.1, முகவரி இது மட்டும் கொடுக்கும். சமையலறை 192.168.1.2. மாடி 192.168.1.3. நான் ஊரில் இல்லாதபோது அம்மா போனில் அதைப் படித்துச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடுகிறது.